ஊசி நுழையும் இடம்

கேனுலா போடும்போது, கைதேர்ந்த நர்ஸ் ஒருவரின் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். டூர்னிக்கே கட்டி, முழங்கைக்குக் கீழே தடவிப் பார்த்து, எந்த ரத்தக்குழாய் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவார். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைப்பார். துடைத்ததும் குத்திவிட மாட்டார். ஈரம் காயும்வரை கிட்டத்தட்ட அரை நிமிடம் காத்திருப்பார். அந்த இடைவெளியில், ‘நரம்பு இங்கேதானே இருந்தது’ என்று மறுபடி விரல் வைத்துப் பார்க்கவும் மாட்டார். அவசரக்காரர் துடைத்த வேகத்தில் குத்துவார். குத்துவதற்கு முன் ஒருமுறை தொட்டும் பார்த்துவிடுவார். பக்கத்தில் நிற்கும் உறவினருக்கு இரண்டு பேர் செய்ததும் ஒரே வேலையாகத்தான் தெரியும். வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். ஒருவர் போட்ட இடம் அப்படியே இருக்கும். இன்னொருவர் போட்ட இடம் சிவந்து, சுட்டு, தொட்டாலே வலிக்கும்.

அந்த அரை நிமிடத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆல்கஹால் கிருமியின் புரதங்களைச் சிதைத்துக் கொல்கிறது. அதற்குச் சிறிது நேரம் தோலின் மேல் அது இருந்தாக வேண்டும். ஈரம் காய்வதற்குள் குத்தினால், சாகாத கிருமிகளை ஊசி தன்னோடு உள்ளே தள்ளிவிடும். துடைத்த பிறகு தொட்டால், விரலில் இருப்பது துடைத்த இடத்துக்கு வந்துவிடும்.

தொற்றுக் கட்டுப்பாடு என்ற பெயரில் வார்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விதிகள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் நிற்கிறது. சிகிச்சைக்காக நாம் உடலின் ஏதாவதொரு இயற்கைக் காவலை நீக்குகிறோம். நீக்கிய காவலை நம் கையால் ஈடுகட்டும் வேலைக்குத்தான் தொற்றுக் கட்டுப்பாடு என்று பெயர். எந்தக் காவலை நீக்கினோம் என்று தெரிந்த நர்ஸுக்கு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை குறைந்துவிடும். இந்திய நர்சிங் கவுன்சில் திருத்தியமைத்த பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் நுண்ணுயிரியலையும் தொற்றுக் கட்டுப்பாட்டையும் ஒரே பாடமாக இணைத்திருப்பது இந்த வகையில் நல்ல மாற்றம். வார்டுக்குள் இன்னும் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

முதல் காவல் தோல். வளர்ந்த ஒருவரின் உடலில் இது கிட்டத்தட்ட இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ளது. மேலடுக்கு முழுக்கச் செத்த செல்கள். உயிருள்ள செல்லுக்குள்தான் வைரஸ் பெருக முடியும் என்பதால், இந்தச் செத்த அடுக்கில் அதற்கு வேலை இல்லை. அடுக்கு உதிர்ந்துகொண்டே இருப்பதால், ஒட்டிய பாக்டீரியாவும் அதோடு விழுந்துவிடும். தோல் வறண்டது, சற்றே அமிலத்தன்மை கொண்டது. எண்ணெய்ச் சுரப்பிகள் விடும் கொழுப்பு அமிலங்களும் பல கிருமிகளுக்கு ஆகாதவை. போதாததற்கு, தீங்கில்லாத பாக்டீரியாக்கள் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்து, வெளியிலிருந்து வருபவற்றுக்கு இடமும் உணவும் கிடைக்காமல் செய்கின்றன. கண்ணீரிலும் எச்சிலிலும் பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1922இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதை அறிவித்திருந்தார். மூச்சுக்குழாயில் சளியும், அதை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களும் உண்டு. இரைப்பையில் அமிலம். சிறுநீர்ப் பாதையில் அவ்வப்போது அடித்துச் செல்லும் சிறுநீரின் ஓட்டம்.

ஒரு ஐ.சி.யூ. நோயாளியிடம் இவற்றில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கழுத்தில் சென்ட்ரல் லைன், அங்கே தோல் இல்லை. வாய்வழியாக மூச்சுக்குழாயில் டியூப், அங்கே இருமலும் இல்லை, நுண்மயிர்களின் வேலையும் பாதி இல்லை. அமிலத்தைக் குறைக்கும் ஊசி மருந்து போகிறது. ஃபோலி கத்தீட்டர் இருப்பதால் சிறுநீர் சேர்ந்து வேகமாக வெளியேறிப் பாதையைக் கழுவுவதும் நின்றுபோகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் குடலின் குடியிருப்பு பாக்டீரியாக்களும் அழிகின்றன. உயிர் காக்கத்தான் இவ்வளவும். ஆனால் அந்தப் படுக்கையருகே நிற்கும் நர்ஸ்தான் இனி அவருடைய தோல், இருமல், நுண்மயிர் எல்லாமே.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர, ஏழை நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஏதாவதொரு தொற்று ஒட்டிக்கொள்கிறது. அப்படித் தொற்றியவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறக்கிறார்.

முதல் காவலைத் தாண்டி கிருமி உள்ளே வந்துவிட்டால் என்ன நடக்கும்? 1882ஆம் ஆண்டு, சிசிலித் தீவின் மெசினா நகரில், இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விலங்கியலாளர் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. விழுங்கும் செல்கள் என்ற கருத்து அங்கே பிறந்தது. 1908இல் நோபல் பரிசும் பெற்றுத் தந்தது. நம் நோயாளியின் கையில் நாம் போடும் கேனுலாவும் ஒரு முள்தான். உடல் அதைச் சுற்றி அதே வேலையைத் தொடங்குகிறது.

திசுக்களில் நிரந்தரமாகக் காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கிருமியை முதலில் அடையாளம் காண்கின்றன. எந்தக் கிருமி என்று பெயர் சொல்லி அவற்றுக்குத் தெரியாது. பாக்டீரியாவின் சுவரில் பொதுவாக இருக்கும் சில மூலக்கூறுகள் மனித உடலில் இல்லை என்பதால், ‘இது நம்முடையது அல்ல’ என்ற அளவுக்குத் தெரியும். உடனே ரசாயனச் செய்தி அனுப்புகின்றன. ரத்தக்குழாய் விரிகிறது, அதனால் சிவப்பும் சூடும். குழாயின் சுவர் கசிகிறது, அதனால் வீக்கம். நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வலி. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்ற இந்த நான்கையும் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார். கேனுலா போட்ட இடத்தை ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்கச் சொல்வது இந்த நான்கையும் தேடத்தான். பிளாஸ்டரை ஒட்டிய நாளோடு மறந்துவிட்டால், உடல் உரக்கச் சொல்வதைக் கேட்க யாருமில்லை.

செய்தி கேட்டு ரத்தத்திலிருந்து விரைந்து வருபவை நியூட்ரோஃபில்கள். வெள்ளை அணுக்களில் பாதிக்கும் மேல் இவைதான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் பத்தாயிரம் கோடி அளவுக்கு இவற்றை உற்பத்தி செய்கிறது. ஆயுள் குறைவு, வந்து, கிருமியை விழுங்கி, அங்கேயே சாகின்றன. செத்துக் குவிந்த நியூட்ரோஃபில்களும் கிருமிகளும் கரைந்த திசுவும் சேர்ந்ததுதான் சீழ். மேக்ரோஃபேஜ் அனுப்பிய செய்தி மூளையின் ஹைப்போதலாமஸ் வரை போய், உடல் வெப்பத்தின் அளவை உயர்த்தி வைக்கும்போது காய்ச்சல் வருகிறது.

இது தெரிந்தால், புற்றுநோய் வார்டில் ஒரு முக்கியமான ஆபத்து தானாகவே விளங்கும். கீமோதெரபி கொடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே என்றால் நிலைமை கடுமை. அந்த நோயாளிக்குத் தொற்று வந்தால் புண்ணில் சீழ் இருக்காது. சீழாக மாற வேண்டிய செல்களே இல்லையே! சிவப்பும் வீக்கமும் லேசாக இருக்கும். எக்ஸ்ரேயில் நிமோனியா நிழல்கூடத் தெளிவாக விழாமல் போகலாம். மிஞ்சும் ஒரே அடையாளம் காய்ச்சல். ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது 100.4 ஒரு மணி நேரம் தொடர்ந்தால் அது அவசரநிலை. ரத்தம் கல்ச்சருக்கு எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். ‘புண் சுத்தமாத்தான் இருக்கு, ஒரு பாராசிட்டமால் கொடுத்துட்டுக் காலை ரவுண்ட்ஸில் சொல்லலாம்’ என்று இரவு டியூட்டியில் ஒருவர் நினைத்தால், நோயாளிக்கு இருந்த ஒரே குரலையும் அணைத்ததாகிவிடும். ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் வயது முதிர்ந்தவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். எழுபது எண்பது வயதுக்காரருக்கு உள்ளே கடும் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். சாப்பாடு இறங்காது, பேச்சு குழறும், அவ்வளவுதான். ‘பாட்டி நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா இருக்காங்க சிஸ்டர்’ என்று மகள் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

நியூட்ரோஃபில்கள் போராடிக்கொண்டிருக்கும்போதே, டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற இன்னொரு வகை, கிருமியின் துண்டொன்றை ஏந்திக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது இதனால்தான். அந்தக் கணுவுக்குள் கோடிக்கணக்கான டி செல்களும் பி செல்களும் வந்து போகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தை மட்டுமே அடையாளம் காணக்கூடியது. கொண்டுவரப்பட்ட துண்டுக்குப் பொருந்தும் செல் மிக அரிதாகத்தான் இருக்கும். அது கிடைத்ததும், அது மட்டும் பல்லாயிரமாகப் பெருகுகிறது. டி செல்களில் ஒரு பிரிவு, வைரஸ் புகுந்த செல்லைக் கொல்கிறது. சி.டி.4 என்ற பிரிவு மற்றவர்களை ஒருங்கிணைக்கிறது. பி செல்கள் எதிர்ப்பான்களைச் சுரக்கின்றன. முதல் தடவை இதற்கெல்லாம் ஒரு வாரம், பத்து நாள், சில கிருமிகளுக்கு அதைவிடவும் அதிகம் ஆகும். முடிந்த பிறகு சில செல்கள் நினைவாக ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அடுத்த தடவை சில நாட்களிலேயே வேலை நடந்துவிடும்.

முதல் தடவை ஆகும் இந்தத் தாமதத்தில்தான் மருத்துவமனைப் பாதுகாப்பின் மிக முக்கியமான விதி பிறந்தது. எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளுக்கான சாதாரணப் பரிசோதனைகள் எதிர்ப்பானைத் தேடுகின்றன. தொற்றிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கும், எதிர்ப்பான் இருக்காது. ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று வரும். அந்த ரிப்போர்ட்டை நம்பி கிளவுஸ் போடாமல் ரத்தம் எடுப்பவர், எதிர்ப்பான் உருவாக நாளாகும் என்ற உண்மையை மறந்துவிட்டார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல் நம் சென்னையில்தான்; சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் அதை வெளிக்கொணர்ந்தார்கள். அதே காலகட்டத்தில்தான், யாருடைய ரத்தமாக இருந்தாலும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்ற கொள்கை உலகெங்கும் உருவாகி, பின்னாளில் ‘ஸ்டாண்டர்டு பிரிகாஷன்ஸ்’ ஆனது. எல்லாருக்கும் ஒரே முன்னெச்சரிக்கை என்பதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது: நோயாளியின் கட்டில்மேல் எழுதி ஒட்டி அவரை ஒதுக்கிவைக்க வேண்டிய தேவையும் போய்விடுகிறது.

நோயின் பெயர் தெரிந்த பிறகு கவனமாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு என்ன விலை என்பதை 2018 மே மாதம் கேரளம் பார்த்தது. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் காய்ச்சலோடு சேர்ந்த ஒரு நோயாளியைக் கவனித்துக்கொண்டவர் லினி என்ற செவிலியர். அப்போது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. வைரஸின் பெயர் வெளிவந்தபோது லினியும் நோயில் விழுந்திருந்தார். இரண்டு சிறு குழந்தைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். அந்தப் பரவலில் பெரும்பாலானோருக்குத் தொற்று ஏற்பட்டது மருத்துவமனைகளுக்குள்தான். இருமுகிறவர் யாராக இருந்தாலும் வாசலிலேயே அவருக்கு ஒரு மாஸ்க், அவரைக் கவனிப்பவருக்கு மாஸ்க்கும் கிளவுஸும், படுக்கைகளுக்கு இடையே போதிய இடைவெளி. இவ்வளவையும் நோயின் பெயருக்காகக் காத்திருக்காமல் கொடுப்பது மருத்துவமனையின் கடமை. லினியின் தியாகத்தைப் போற்றுகிறோம், சரிதான். அடுத்த லினிக்கு மாஸ்க் அலமாரியில் பூட்டியிருக்கக் கூடாது என்பது அதைவிட அவசரம்.

இனி நர்ஸின் சொந்த உடம்புக்கு வருவோம். நோயாளிக்குக் குத்திய ஊசி தவறி நம் கையில் குத்திவிட்டால், பாதுகாப்பு எதுவும் இல்லாத நிலையில் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 100இல் 30 வரை போகலாம். ஹெபடைட்டிஸ் சி என்றால் சுமார் 2. எச்.ஐ.வி. என்றால் 1000இல் 3. எல்லாரும் அஞ்சுவது மூன்றாவதற்கு. அதிகம் தொற்றுவது முதலாவது. அந்த முதலாவதற்குத்தான் நல்ல தடுப்பூசி இருக்கிறது. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றை மட்டும் உடலுக்குக் காட்டி, நினைவுச் செல்களை உருவாக்கி வைப்பதுதான் அதன் வேலை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றாவது முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்பான் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு வந்துவிட்டது. வருடங்கள் கழித்து அந்த அளவு இறங்கினாலும், அன்று சரியாக வந்தவருக்குக் கவலை இல்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்குள் வந்து நோயாக வெளிப்பட மாதக்கணக்கில் ஆகும். நினைவுச் செல்கள் விழித்தெழ நாட்கள்தான் ஆகும். அந்த இடைவெளியில் உடல் வென்றுவிடும்.

மூன்று ஊசியும் போட்டும் சிலருக்கு அளவு ஏறாமல் போவதுண்டு. அவர்களுக்கு மறுபடி டோஸ் தேவை. அப்போதும் ஏறாதவர்களுக்கு, ஊசி குத்திய நேரத்தில் தயார் எதிர்ப்பானான இம்யூனோகுளோபுலின் தேவைப்படும். அளவைப் பார்க்காதவருக்குத் தான் எந்தப் பக்கம் என்பதே தெரியாது.

குத்திவிட்டால் செய்ய வேண்டியது: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், பிதுக்கினால் அந்த இடம் கன்றி, திசுக்கள் இன்னும் சேதமாகும். பிளீச்சிங், டெட்டால் எதையும் ஊற்றாதீர்கள். பழக்கத்தில் விரலை வாயில் வைத்துவிடாதீர்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று முடிவானால், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். வைரஸ் நுழைந்த இடத்தின் செல்களிலிருந்து நிணநீர்க் கணுவுக்குப் போய்ப் பரவும் முன் அதைப் பிடிப்பதற்காகத்தான் இந்தக் கெடு. திட்டு விழும் என்று பயந்து இரண்டு நாள் மறைத்துவைக்கும் இளம் நர்ஸ்களும் மாணவிகளும் இருக்கிறார்கள். அவர்களை அப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கும் வார்டு இன்சார்ஜ்கள் இந்த 72 மணி நேரக் கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட முயலும்போது நடக்கும் குத்துகள் ஏராளம். ஊசி கையில் இருக்கும்போதே, குத்த முடியாத வெள்ளைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அறையின் மறுமூலையில் இருந்தால் அது அலங்காரம்.

கூர்மையான கருவி ஒன்று குத்தியதில்தான் கைகழுவும் அறிவியலே தொடங்கியது. வியன்னா பொது மருத்துவமனையில் 1846இல் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த முதல் பிரிவில் தாய்மார்களின் இறப்பு நூற்றுக்கு 11.4. மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் 2.8. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் மன்றாடினார்கள். காரணம் தெரியாமல் தவித்தவர் அங்கே மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வெய்ஸ். 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொல்லெட்ச்காவுக்குப் பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமானது. நோய் முற்றி இறந்தார். அவர் உடலைப் பரிசோதித்தபோது, பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் கண்ட அதே மாற்றங்கள். பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்த மருத்துவர்களின் கைதான் எமன் என்பது செம்மல்வெய்ஸுக்கு விளங்கிவிட்டது. மருத்துவச்சிகளுக்குப் பிண அறையில் வேலை இல்லை. மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18.3 ஆக இருந்த இறப்பு ஜூனில் 2.2 ஆனது. பிரசவித்த பெண்ணின் கருப்பையில் நச்சுக்கொடி பிரிந்த இடம் பெரிய திறந்த புண். எந்தத் தோலும் அதை மூடியிருக்கவில்லை என்ற உண்மையைச் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கைகள் என்ன செய்தன என்பது தெளிவு.

நம் கையில் இரண்டு வகைக் கிருமிகள் உண்டு. ஆழத்தில் குடியிருப்பவை பெரும்பாலும் சாதுவானவை. நோயாளியை, கட்டில் கம்பியை, யூரோ பேக்கைத் தொடும்போது மேலே ஒட்டுபவை வழிப்போக்கர்கள். அடுத்த நோயாளிக்குப் போவது இவைதான். எளிதில் அகற்றக்கூடியவையும் இவைதான். ஆல்கஹால் ரப் 20 முதல் 30 விநாடியில் வேலையை முடித்துவிடும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் எத்தனால் 80 சதவீதம். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். புரதம் சிதைய நீர் தேவை என்பதால், சுத்த ஆல்கஹாலைவிட இதுவே நன்றாகக் கொல்லும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. ஆன்டிபயாட்டிக்கால் குடல் பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் பெருகும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் வித்துக்களை ஆல்கஹால் கொல்லாது. அந்தத் தொற்று உள்ளவர்களைப் பார்த்த பிறகும் சோப்புதான்.

சோம்பலால் நர்ஸ்கள் கை கழுவுவதில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஐ.சி.யூ.வில் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணம் ஒரு மணி நேரத்தில் 20 வருவதாக வைத்துக்கொள்வோம். சிங்க் வரை நடந்து, கழுவி, துடைத்துத் திரும்ப ஒன்றரை நிமிடம் என்றால் அரை மணி நேரம் அதற்கே போய்விடும். மனிதரால் ஆகாத காரியம். படுக்கையருகே ரப் பாட்டில் இருந்தால் அது பத்து நிமிடத்துக்குள் சுருங்கும். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பித்தே குழுவினர் இதைத்தான் செய்தார்கள். 1994க்கும் 1997க்கும் இடையில் கை சுத்தம் 48 சதவீதத்திலிருந்து 66 ஆக உயர்ந்தது; மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 1998இல் 9.9க்கு இறங்கியது. அறிவுரையோடு நிற்காமல், பாட்டிலைக் கைக்கருகில் கொண்டுவந்தார்கள்.

கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டாம் என்ற நம்பிக்கை வார்டுகளில் பரவலாக இருக்கிறது. ரப்பர் கையுறை அறுவை அரங்குக்குள் வந்ததே ஒரு நர்ஸின் கையைக் காப்பாற்றத்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1889 வாக்கில், கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸின் கைகள் கிருமிநாசினியான மெர்க்குரிக் குளோரைடு பட்டு வெந்து தடித்தன. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்காக மெல்லிய கையுறை செய்யவைத்தார். நோயாளிக்குத் தொற்று குறைகிறது என்பது பிறகுதான் புலப்பட்டது. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். கழற்றும்போது வெளிப்பக்கம் கையில் படும். ஒரே கிளவுஸோடு நாலு படுக்கைக்குப் போனால் நர்ஸுக்குத்தான் பாதுகாப்பு, நோயாளிகளுக்கு அது அழுக்குக் கை. ஹாம்ப்டனின் சிக்கல் இன்றும் இருக்கிறது: அடிக்கடி கழுவி வெடித்த கையில் தோல் என்ற காவலும் வெடித்திருக்கிறது. அங்கே நோய்க்கிருமிகள் தங்கும், கழுவினால் எரிவதால் கழுவவும் மனம் வராது. ரப்பில் கிளிசரின் சேர்ப்பது இதற்காகத்தான். கைக்குத் தடவ மாய்ஸ்சரைசர் வாங்கிக் கொடுப்பதை ஆடம்பரம் என்று நிர்வாகம் நினைக்கக் கூடாது.

குழாய்களைப் பற்றி ஒன்று. உடலுக்குள் கிடக்கும் எந்தப் பிளாஸ்டிக்கின் மேலும், கிணற்றுப் படியில் பாசி பிடிப்பதுபோல, பாக்டீரியாக்கள் வழுவழுப்பான படலமாகப் படியும். படலத்துக்குள் நியூட்ரோஃபிலும் நுழையத் திணறும், ஆன்டிபயாட்டிக்கும் திணறும். ஃபோலி கத்தீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. யூரோ பேக்கை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுவதும், இணைப்பைப் பிரிக்காமல் இருப்பதும் நாளைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது. எடுத்துவிடுவதுதான் முழு மருந்து. வென்டிலேட்டரில் இருப்பவரின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பதும், வாயைச் சுத்தம் செய்வதும், இருமல் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை நாம் செய்வது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ் விழுங்கும். ஆனால் கொல்ல முடியாமல் போகும். கிருமி அதற்குள்ளேயே உயிரோடிருக்கும். டி செல்கள் சுற்றி வளைத்து ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருக்கும். சர்க்கரை நோய், எச்.ஐ.வி., ஊட்டக்குறைவு என்று டி செல் தளரும்போது நோய் வெளியே வரும். காற்றில் மிதக்கும் அந்தக் கிருமியை என்95 முகத்தோடு இறுகப் பொருந்தினால்தான் தடுக்கும். மூக்கருகே இடைவெளி இருந்தால் சாதாரணத் துணிக்கு மேல் மதிப்பில்லை. ஜன்னலின் பங்கும் பெரிது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் செய்து 2007இல் வெளியான ஆய்வில், ஜன்னலும் கதவும் திறந்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் கொண்ட அறைகளில் 12 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களே முதலிடம் பெற்றன. நம் பழைய அரசு மருத்துவமனைகளின் உயரமான வார்டுகளுக்குப் பொய்க்கூரை போட்டு, ஜன்னலை அடைத்து, ஏ.சி. பொருத்துபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த நர்ஸுக்கு அதிகாரம் இல்லாவிட்டால் பயனில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள், பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவின் வழிகாட்டலில், சென்ட்ரல் லைன் போடும்போது ஐந்தே விஷயங்களைக் கடைப்பிடித்தன: கை சுத்தம், முழு கவுனும் விரிப்பும், குளோர்ஹெக்சிடின், தொடையிடுக்கைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது. எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவைதான். அவசரமில்லாத நேரத்தில் இவற்றில் ஒன்று விடுபட்டால், லைன் போடுபவரை நர்ஸே நிறுத்தலாம் என்ற உரிமைதான் புதிது. மூன்றே மாதத்தில் பாதி ஐ.சி.யூ.க்களில் லைன் தொற்று பூஜ்யமானது. 2006இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ‘சார், கவுன் போடல’ என்று நம் ஊர் நர்ஸ் ஒருவர் சீனியர் மருத்துவரிடம் சொல்லி, மறுநாளும் அதே வார்டில் நிம்மதியாக வேலை பார்க்க முடிகிறதா? முடியும்படி செய்ய வேண்டியது டீன்களும் கண்காணிப்பாளர்களும். காலை ரவுண்ட்ஸில் ‘இந்தக் கத்தீட்டர் இன்னைக்கும் வேணுமா?’ என்று ஒவ்வொரு படுக்கையிலும் கேட்கும் பொறுப்பை எழுத்துப்பூர்வமாக நர்ஸிடம் கொடுத்தாலே பல குழாய்கள் உரிய நாளில் வெளியே வந்துவிடும்.

இதைப் படிக்கும் செவிலியர்களிடமும் நர்சிங் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஹெபடைட்டிஸ் பி மூன்றாவது ஊசி போட்ட தேதி நினைவில் இல்லையென்றால், அல்லது போட்டபின் எதிர்ப்பான் அளவு பார்த்ததே இல்லையென்றால், இந்த வாரமே பார்த்துவிடுங்கள். 10க்குக் கீழே இருந்தால் ஒரு டோஸ் போட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை உங்களிடமும் இன்னொன்றை மருத்துவமனையிலும் வைத்திருங்கள். ஊசி குத்திய நேரத்தில் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.